பதினாலாம் நம்பர் பெட்ஷீட்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளைக் கறை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டம் இல்லை. பாய்லர்காரர் வாய் சும்மா இருக்க முடியாமல் கொடுத்தது. ஆனாலும் பொருத்தமான பட்டம்தான். ஆஸ்பத்திரி, லாட்ஜ், முதியோர் விடுதி என்று பல இடங்களிலிருந்து வேனில் வந்து இறங்கும் அழுக்கு மூட்டைகளை அவிழ்த்து, உதறி, கறையைப் பார்த்து, எந்தத் துணி எந்தத் தண்ணீருக்கு என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே மேசை. கையில் உறை, மூக்கில் முகமூடி, காலில் ரப்பர் பூட்ஸ். ஒரு பெட்ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உதறு உதறினால் போதும், அதில் படுத்திருந்தவரின் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள்.

"இது ரத்தம். பச்சத் தண்ணிக்குப் போகட்டும். சுடுதண்ணியில போட்டீங்கன்னா அந்தக் கறை நம்மகூடவேதான் ரிட்டயர் ஆகும்."

"இவரு ஒருபக்கமாவே படுத்திருக்காரு பாருங்க. அடுத்த பக்கம் தையல் போட்டிருக்காங்க போல."

பாய்லர்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். "டாக்டரக்கா, அப்படியே என் பொண்டாட்டி மனசுல என்ன இருக்குன்னும் பாத்துச் சொல்லிடுங்க."

"அவங்க தலகாணி உறையக் கொண்டாங்க, சொல்றேன்."

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவளுக்குள் இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, வலது முட்டி. நாள் முழுக்க நின்று நின்று தேய்ந்துபோய், ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வங்கியில் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தாள். அதற்கு முட்டிப் பணம் என்று பெயர். கல்யாணமா, சாவா, எது வந்தாலும் அதைத் தொடமாட்டாள். இரண்டாவது கவலை, மாப்பிள்ளை.

மாப்பிள்ளை டைல்ஸ் போடுகிறவர். சும்மா சொல்லக்கூடாது, வேலைக்காரர் என்றால் அவர் வேலைக்காரர். நாலு டைல்ஸின் மூலைகள் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். நகம் தட்டினால் ஈரம் காய்வதற்குள் பெயர்த்து எடுத்து மறுபடி பதிப்பார். அவள் வீட்டுச் சமையலறைத் தரை அவர் போட்டதுதான். ஒன்பது வருடத்தில் ஓர் இடத்தில்கூட நகம் தட்டாது.

முட்டி போட்டே செய்கிற வேலை. உடம்பு வலிக்கிறது என்று சாயங்காலத்தில் கொஞ்சம் ஆரம்பித்தது. பிறகு வலி இல்லாத நாளிலும் வந்தது, அப்புறம் காலையிலேயே வந்துவிட்டது. கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் நிற்கக் குடித்தார், குடித்ததால் மறுநாள் இன்னும் நடுங்கியது. கடைசியில் ஒரு புது வீட்டுக் குளியலறையில், தண்ணீர் போகும் ஓட்டைப் பக்கம் சரிய வேண்டிய தரையைக் கதவுப் பக்கம் சரித்துப் போட்டுவிட்டார். வீட்டுக்காரர் ஆசையாகக் குழாயைத் திறந்தார். தண்ணீர் நேராக ஹாலுக்கு வந்து சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கான்ட்ராக்டர் அத்தனை ஆட்களுக்கு முன்னால் வைத்துக் கூலியை எண்ணிக் கொடுத்து, இனிமேல் இந்தப் பக்கமே வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மகள் ஆறு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பைகளோடு அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள். மகளுக்கு மருந்துக்கடையில் பில் போடும் வேலை. அழவில்லை. அதுதான் அம்மாவுக்குப் பயமாக இருந்தது.

"ஏழு வருஷமா தினம் சாயங்காலம் அவரு சட்டய மோந்து பாக்குறேம்மா. நான் என்ன நாயா? இனிமே முடியாது. பிரிஞ்சு போயிடறேன்."

"மூணு மாசம் குடுடி கண்ணு. எங்கயாவது சேத்து விட்டுப் பாக்கலாம். அதுக்கப்பறமும் சரியா வரலன்னா நீ சொல்றதுதான். நான் குறுக்க நிக்கமாட்டேன்."

"கடைசி தடவ."

"கடைசி தடவ."

விஷயம் கேள்விப்பட்டு அவளுடைய அண்ணன் ஓடிவந்தார். "புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? அவனுக்கு அப்பா அம்மா இல்லையா? மாமியா முட்டிப் பணத்துல மாப்பிள்ளைக்கு வைத்தியம் பாத்த கதைய நான் எங்கயும் கேட்டதில்ல."

"கேக்கலன்னா இப்பக் கேட்டுக்கோண்ணே," என்றாள்.

அண்ணனுக்கு என்ன தெரியும்? அவள் புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த எட்டு மாதம், வேலை முடிந்து சிமென்ட் கையோடு மாப்பிள்ளை தினமும் வருவார். கையைக் கழுவிக்கொண்டு, மாமனாரை ஒரு பக்கமாகப் புரட்டி, நனைந்த பெட்ஷீட்டை உருவி, புதியதை விரிப்பார். அவள் ஓடிப்போய்ப் பிடுங்கினால் விடமாட்டார். "தள்ளுங்க அத்தை. பகல் பூரா ஊர் பெட்ஷீட்டெல்லாம் அலசிட்டு வர்றீங்க. இது ஒண்ணயாச்சும் நான் அலசறேன்." பெற்ற பிள்ளை செய்யத் தயங்குவதைச் செய்த மனுஷன். அவரைக் குடித்துச் சாகட்டும் என்று விட அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, எங்கே சேர்ப்பது? மகளுடைய போனில் தேடினார்கள். அம்மாடி, குடியை நிறுத்தித் தருகிறோம் என்று எத்தனை பேர்! ஒருவன் பத்தே நாளில் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்றான். இன்னொருவன், "ஆளு வீட்டுலதான இருக்காரு? முகவரி மட்டும் சொல்லுங்க, நாலு பேரு வந்து அலேக்கா தூக்கிட்டுப் போயிடுவோம்" என்றான். இவன் வைத்தியம் பார்க்கிறவனா, கடன் வசூலிக்கிறவனா? மூன்றாவது ஒருத்தி எவ்வளவு ஆகும் என்று எத்தனை தடவை கேட்டும், "நீங்க நேர்ல வாங்க, உங்களுக்காகப் பாத்துச் செய்யறோம்" என்ற ஒரே பாட்டைப் பாடினாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவில்லை. ஆனால் கட்டில் காலியாக ஆறு வாரம் ஆகும் என்றார்கள். மாப்பிள்ளை இருந்த இருப்புக்கு ஆறு நாளே அதிகம்.

கேட்டுக் கேட்டு மண்டை காய்ந்துபோய் ஒருநாள் மேசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அடடா, கையில் வெண்ணெய் இருக்கும்போது நாம் ஏன் ஊரெல்லாம் விசாரிக்கிறோம்? அவள் மேசைக்கு வரும் மூட்டைகளில் இரண்டு, குடி மறக்க வைக்கும் இல்லங்களிலிருந்து வருபவை. ஒன்று பச்சைக் கேட் வீடு. இரண்டாவது ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம்.

பள்ளிக்கூடத்து மூட்டை தினமும் வரும். சில நாள் இரண்டு தடவை வரும். அவிழ்த்தால் வாந்தி, மூத்திரம், பிழிந்தால் சொட்டும் வியர்வை. அது வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்தாலே மற்ற பெண்களுக்கெல்லாம் திடீரென்று தண்ணீர் தாகம் எடுக்கும், போன் வரும். பச்சைக் கேட்டு மூட்டையோ வாரத்துக்கு இரண்டே தடவை. இருபது பெட்ஷீட். எல்லாம் வெள்ளை வெளேர் என்று, கறை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அழுக்கு என்ற பேருக்கு அனுப்புகிறார்களோ என்று தோன்றும்.

"படுக்கைய இவ்வளோ சுத்தமா வெச்சிருக்கவங்க ஆளையும் சுத்தமாத்தான் வெச்சிருப்பாங்க," என்று மகளிடம் சொன்னாள். "மத்தவங்க விளம்பரத்தப் பாப்பாங்க. நான் பெட்ஷீட்டப் பாக்குறவ."

கறை டாக்டருக்குத் தன் கண்மேல் இருந்த கர்வம் அது. வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பை அவள் அன்றைக்குச் செய்தாள்.

பச்சைக் கேட் வீட்டில் வாசலுக்கு வந்து வரவேற்றார்கள். தோட்டம், மீன் தொட்டி, வழவழப்பான தரை. மேனேஜர் தேனொழுகப் பேசினார். "அறுபது பேரு இருக்காங்கம்மா. எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி." உள்ளே பார்க்கலாமா என்றதற்கு, வெளியாட்கள் போனால் நோய் தொற்றும் என்றார். அவளுக்கு அதுகூட நல்லதாகவே பட்டது. எவ்வளவு கண்டிப்பு! மூன்று மாதத்துக் கட்டணம் அவளுடைய ஒன்பது மாதச் சம்பளம். பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்டினாள். நாலு பக்கக் காகிதம் ஒன்றில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள். நூல் ஓரமாகப் பிரிந்திருந்தால்கூடக் கண்டுபிடிக்கிற கண், மூன்றாம் பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கவில்லை.

 திங்கட்கிழமை மாப்பிள்ளை கேட்டுக்குள் போகும் முன்பு திரும்பி, "நீங்க பாத்து வெச்ச எடம்னா சரியாத்தான் இருக்கும் அத்தை," என்றார்.

வியாழக்கிழமை பச்சைக் கேட்டு மூட்டை வந்தது. வேறு யாரையும் தொட விடாமல் அவளே போய் வாங்கிக்கொண்டாள். நம் பிள்ளை படுத்த துணி இதில் ஒன்று இருக்கும் அல்லவா? ஆசையாக ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முதல் தடவையாக உண்மையிலேயே பார்த்தாள்.

எல்லாவற்றிலும் போன வாரம் தங்கள் கூடத்தில் போட்ட இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது. படுத்து எழுந்த துணியில் மடிப்புக் கோடு எப்படி நிற்கும்? இவற்றில் யாருமே படுக்கவில்லை. சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்குக் காட்ட வைத்திருக்கும் கட்டில்களின் துணி இது; சலவை ரசீதும் அவர்களுக்குக் காட்டத்தான். அப்போதுதான் இன்னொரு கணக்கும் உறைத்தது. அறுபது பேர் என்றானே அந்த மனுஷன். வருவது இருபதுதானே? இரண்டு வருடமாக இருபதுதான் வருகிறது. மற்ற நாற்பது பேர் எதில் படுக்கிறார்கள்?

மூட்டையின் அடியில், தெரியாமல் வந்து விழுந்ததுபோல இன்னொன்று கிடந்தது. இருபத்தோராவது. கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது. பிழிந்த துணியின் சுருக்கம் வேறு, முடிச்சுப் போட்டு இழுத்த துணியின் சுருக்கம் வேறு. இதன் இரண்டு முனையிலும் முடிச்சின் சுருக்கம் இறுகிக் கிடந்தது. நடுவில், ஒரு மணிக்கட்டைச் சுற்றும் அளவுக்கு, காய்ந்த ரத்தம் கோடாகப் படிந்திருந்தது. அதை எந்தத் தண்ணீரில் போடுவது என்று அவளுக்கு யோசனை ஓடவில்லை.  ஐயோ, என் கையாலேயே கொண்டுபோய் விட்டேனே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சலவை செய்த துணியைக் கொண்டுபோகும் வேன் அப்போதுதான் புறப்பட்டுக்கொண்டிருந்தது. முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே பச்சைக் கேட் வீட்டுக்கு வண்டியை விட்டார்.

துணி வேனுக்குப் பின்வாசல்தான். அங்கே தோட்டமும் இல்லை, மீன் தொட்டியும் இல்லை. கம்பிக் கதவுக்கு அப்பால் ஒரு நீளக் கூடம். விரிப்பில்லாத ரெக்சின் மெத்தைக் கட்டில்களிலும் வெறும் தரையிலுமாக ஆட்கள் கிடந்தார்கள், பாதிப் பேர் மாத்திரை மயக்கத்தில். மூன்றாவது கட்டிலில் மாப்பிள்ளை. இரண்டு கையையும் பெட்ஷீட்டால் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

முடிச்சு அவிழ்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிழைப்பே அதுதான்.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "இது ட்ரீட்மென்ட்டும்மா! அவரு ஓடப் பாத்தாரு. நீங்க இப்படி உள்ள வரக்கூடாது."

"வாய மூடுங்க. அறுபது பேருக்கு இருபது பெட்ஷீட்டு அனுப்புறீங்களே, கட்டிப் போடறதுக்கு மட்டும் எங்க இருந்துய்யா துணி வருது?"

"பாதியில கூட்டிட்டுப் போனா பணம் திரும்ப வராது. கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மூணாம் பக்கம் பாருங்க."

"அத நீங்களே வெச்சு முகம் தொடச்சுக்கோங்க!"

டிரைவர் மாப்பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "மூட்ட எடுக்க வந்தேன், எடுத்துட்டுப் போறேன், வழி விடுங்க சார்," என்று சாதாரணமாகச் சொல்லி வேனில் ஏற்றினார். மறுநாளே அவரும் அவளும் சுகாதார அலுவலகத்துக்குப் போய் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிய அந்த இருபத்தோராவது பெட்ஷீட்டோடு புகார் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் பச்சைக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. பணம் போனது போனதுதான்.

மாப்பிள்ளையை ஏற்றிய அன்று வேன் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கிருந்த நிஜ டாக்டர், "இப்பிடி நடுவுல விட்டா ஆபத்தும்மா. எங்ககிட்ட எடம் இல்ல. ஆனா பழைய பள்ளிக்கூடத்துல ஒரு இல்லம் நடத்தறாங்க, நானே தினம் போய்ப் பாக்குறேன்," என்றார்.

"எது டாக்டர், அந்த... அந்த மூட்டையா?" என்று அவள் வாய் தன்னால் கேட்டுவிட்டது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் வாசலிலேயே கட்டண விவரம் முழுவதையும் பலகையில் பெயின்ட்டால் எழுதி மாட்டியிருந்தார்கள், மருந்துச் செலவு உட்பட. அங்கிருந்த நர்ஸம்மா வகுப்பறைகளையெல்லாம் திறந்து காட்டினாள். கரும்பலகைகள் அப்படியே இருந்தன. மாதா மாதம் கட்டினால் போதும்; நடுவில் போய்விட்டால் மிச்ச நாளுக்கானதைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றாள்.

"நல்லாயிடுவாராம்மா?"

"அத என்னால சொல்ல முடியாதுங்கம்மா. நல்லாவும் ஆகலாம், வெளிய போய் மறுபடி குடிக்கவும் குடிக்கலாம். குடிச்சா மறுபடி வரச் சொல்லுங்க, திட்டமாட்டோம்."

பத்து நாள் உத்தரவாதக்காரனைக் கேட்ட காதுக்கு இது என்னவோபோல் இருந்தது. ஆனால் மனசுக்குள் கிடந்ததைக் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. உங்க துணிய நாங்கதான் தொவைக்கிறோம். ஏன் இவ்வளோ அசிங்கமா வருது?"

நர்ஸம்மா சிரித்தாள். "ஓ, நீங்களா! உங்கள நெனச்சு நானே பாவப்படுவேன். குடிய நிறுத்தின மொத ஒண்ணு ரெண்டு வாரம் வேர்த்துக் கொட்டும், வாந்தி வரும், எழுந்து போகக்கூட முடியாது. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ மாத்துவோம். மாத்தாம அப்படியே விட்டோம்னா உங்களுக்கு வேல கம்மியா இருக்கும்."

பதினோரு வருடம் அந்த மூட்டையைக் கரித்துக் கொட்டியவள் அந்த இடத்திலேயே கூசிப்போய் நின்றாள்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. வருகிறவர் தானே சரி என்று சொல்ல வேண்டும். கட்டாயப்படுத்திச் சேர்த்தால் எடுக்கமாட்டார்கள்.

மாப்பிள்ளை வெளியே வேனில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் கட்டு. இறங்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவள் மாப்பிள்ளையிடம் வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க என்பதற்கு மேல் பேசியதில்லை. மாமியார் மாப்பிள்ளைக்கு நடுவே எப்போதும் மரியாதை ஒரு சுவர்போல இருந்தது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ள, நான் தப்புப் பண்ணிட்டேன். துணியப் பாத்து ஏமாந்துட்டேன். உங்களக் கொண்டுபோய் அந்தப் பாவிங்ககிட்ட விட்டது நான்தான். என்ன மன்னிச்சிடுங்க."

அவர் பதறிப்போனார். "என்ன அத்தை, நீங்க போய் எங்கிட்ட..."

"இந்த எடத்துலயும் நல்லாகும்னு சொல்ல மாட்டேங்குறாங்க. ஆனா துணிய மாத்துறாங்க. எனக்கு அது போதும். உங்களுக்கு வேணாம்னா இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் நடுங்கும் கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். பள்ளிக்கூட வாசலைப் பார்த்தார். "உங்க முட்டி அத்தை?"

"முட்டி எங்கயும் ஓடிடாது. ஓடற மாதிரி இருந்தா எனக்கு ஆபரேஷனே வேணாமே."

அதைக் கேட்டுச் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. இறங்கி, தானே நடந்து உள்ளே போனார்.

வீட்டில் மகள் பொரிந்து தள்ளினாள். "கடைசி தடவன்னு சொன்னியேம்மா? எத்தன கடைசி?"

"இதுவும் அதே கடைசிதான்டி. மொதல்ல போட்டது என் தப்புக் கணக்கு."

"மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை பொண்டாட்டி வரணுமாம், உக்காந்து பேசணுமாம். நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். எனக்கு நம்பிக்கை போயிடுச்சு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அவர் போட்ட தரை.

மிச்சமிருந்த முட்டிப் பணம் ஒன்றரை மாதத்துக்குத்தான் வந்தது. அவள் சூப்பர்வைசரிடம் போனாள். யாரும் தொட விரும்பாத மூட்டைக்குத் தனிப்படி உண்டு. பள்ளிக்கூடத்து மூட்டை முழுவதையும் இனிமேல் என் மேசைக்கே போடுங்கள், படியை எனக்குக் கொடுங்கள் என்றாள். மற்ற பெண்கள் அவளைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

பள்ளிக்கூடத்துத் துணிகளின் மூலையில் கட்டில் நம்பரை அழியாத மையால் எழுதியிருப்பார்கள். மாப்பிள்ளையின் கட்டில் பதினாலு. மூன்று வாரத்துக்குப் போன் பேசக்கூடாது, போய்ப் பார்க்கவும் கூடாது. ஆனால் கறை டாக்டருக்குத் தினமும் காலையில் பதினாலாம் நம்பர் வந்துவிடும், அதை யார் தடுக்க முடியும்?

முதல் நாள் மூன்று பதினாலு வந்தன. மூன்றும் தொப்பலாக நனைந்து, வாந்தியோடு. கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் அலசினாள். புருஷனுக்கு அவர் அலசிய கணக்கு அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டாம் நாளும் மூன்றுதான். நாலாம் நாள் இரண்டாகக் குறைந்தன, வாந்தி இல்லை, வெறும் வியர்வை. ஆறாம் நாள் ஒரே ஒரு பதினாலு. தலைமாட்டில் மட்டும் ஈரம் பட்டுக் காய்ந்திருந்தது.

"இன்னிக்கு அழுதிருக்காருடி," என்று வீட்டில் சொன்னாள்.

"நான் கேட்டேனா?" என்றாள் மகள். ஆனால் மறுநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, பெண்ணின் ஜடையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டு, "வந்துச்சா?" என்று கேட்டாள்.

பதினோராம் நாள் பதினாலு வரவில்லை. மூட்டையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினாள். பதிமூன்று இருந்தது, பதினைந்து இருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிவிட்டாரா? சூப்பர்வைசர் போனை வாங்கிப் பள்ளிக்கூடத்துக்கு அடித்தாள்.

"இருக்காரும்மா, பதறாதீங்க," என்றாள் நர்ஸம்மா. "ஒரே கோவத்துல இருக்காரு. நேத்திலிருந்து யாரையும் கட்டில்கிட்ட விடல. நாங்களும் விட்டுட்டோம். நாளைக்குத் தருவாரு."

நாளைக்கும் இல்லை, அதற்கு மறுநாள்தான் வந்தது, எலி பிடித்துக் கசக்கியதுபோல. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து, டாக்டரக்காவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பாய்லர்காரர் முடிவு கட்டினார்.

பத்தொன்பதாம் நாள் மூட்டையை அவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அழுக்குத் துணியை யாரும் மடித்து அனுப்புவதில்லை. உருவி, சுருட்டி, எறிவதுதான் வழக்கம். பதினோரு வருடத்தில் மடித்து வந்த அழுக்குத் துணியை அவள் பார்த்ததே இல்லை. அத்தனை சுருட்டல்களுக்கும் நடுவே பதினாலாம் நம்பர் சதுரமாக மடிந்து உட்கார்ந்திருந்தது. மூலைக்கு மூலை, ஓரத்துக்கு ஓரம், ஒரு நூல் வெளியே வரவில்லை. நம்பர் மேலே தெரியும்படி வைத்திருந்தார். அது எங்கே போகும், யார் கைக்குப் போகும் என்று தெரிந்து மடித்தது. நடுங்கும் கையால் அப்படி மடிக்கவே முடியாது.

சலவைக்கூடத்திலிருந்து ஒரு கைக்குட்டைகூட வெளியே போகக்கூடாது என்பது சட்டம். அதனால் மகளுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் மருந்துக்கடை நீலக் கோட்டோடு மகள் வந்தாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். பாய்லர்காரர் அவர் தோளில் கை போட்டு வேறு எதையோ காட்ட அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

"எதுக்கும்மா வரச் சொன்ன?"

அவள் மேசையைக் காட்டினாள்.

மகள் பார்த்தாள்.  மெதுவாகக் கையை நீட்டி, மடிப்பின் மூலைகள் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். எங்கும் தட்டவில்லை.

"அக்கா! தொட்டியில தண்ணி நெறஞ்சுடுச்சு, மிச்சத் துணியப் போடுங்க!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"பிரிச்சுத்தான்டி ஆகணும்," என்றாள் கறை டாக்டர். "கறை பாக்கணும்."

"நான் பிரிக்கிறேன்."

மகள் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். வியர்வை இல்லை, வேறு ஒன்றும் இல்லை. நடுவில் மட்டும், உள்ளங்கை அளவுக்கு, வட்டமாகப் பழுப்பு நிறத்தில் ஒரு கறை. அவள் முகம் மாறியது. ஏழு வருடப் பழக்கம் விடுமா? குனிந்து, துணியை இரண்டு கையாலும் அள்ளி மூக்கில் வைத்தாள். ஒரு தடவை மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"டீம்மா," என்றாள். "வெறும் டீதாம்மா."

சொல்லிவிட்டு அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஏழு வருடமாக அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. அம்மா தடுக்கவில்லை, முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். உள்ளேயிருந்து இன்னொரு தடவை சத்தம் வந்ததும் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். பெட்ஷீட்டை அம்மாவிடம் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கும்மா?"

"ரெண்டு மணிக்கு."

"பாப்பாவயும் கூட்டிட்டு வரலாமாமா?"

"கேட்டுச் சொல்றேன்," என்று சொல்லி, கறை டாக்டர் பதினாலாம் நம்பரைப் பச்சைத் தண்ணீர் தொட்டிக்குள் போட்டாள்.